எங்கள் வீட்டில் ‘இஃப்’ புகுந்த விவரம்

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நலத்தை இக்கடிதம் படித்து முடிக்கும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் காதுக் கருவியைக் காதில் வைக்காமல் மேஜை டிராயரில் வைத்திருக்கும் விஷயம் குடும்பத்துக்கே தெரியும். நான் இங்கே கத்த, நீங்கள் அங்கே “யாரு? என்ன ஆச்சு?” என்று கத்த, உங்கள் தெருவும் எங்கள் அடுக்குமாடியும் சேர்ந்து கேட்கிற அளவுக்கு இது நல்ல செய்தி இல்லை. அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்தால் அதற்கும் தடங்கல். மேஜையில் பேனா போட்டு வைக்கிற, இரண்டு காது வைத்த அந்தப் பழைய கப்பில் பதினோரு பேனாக்கள் இருந்தும் ஒன்றுகூட எழுதவில்லை. கப்பையே கவிழ்த்துக் கொட்டித் தேடியதில் பன்னிரண்டாவதாக ஒன்று கிடைத்தது. அதையும் உதறி உதறித்தான் எழுதுகிறேன். மை விட்டுப்போன இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை ஐந்து மாதமாக இங்கிலீஷ் படிக்கிறாள். எங்கள் தெருமுனை நூலகத்தின் மாடியில் வயதானவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது. செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி. ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே, “நான் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போறேன். பால் அடுப்புல இருக்கு, பொங்கினா அணைச்சிடுங்க” என்றாள். இந்த இரண்டு செய்தியில் எது பெரியது என்று எனக்குப் பிடிபடுவதற்குள் பால் பொங்கிவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் எதற்கு இங்கிலீஷ் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தடுக்கிற மாதிரி இருக்கும், நமக்கெதற்கு வம்பு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷமாக எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வராததற்குக் காரணம் என்னுடைய இந்தக் குணம்தான். அது உங்களுக்கே தெரியும்.

நான்காவது மாதத்தில் வீட்டுக்குள் ‘இஃப்’ வந்தது. நம் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற ‘ஆல்’ இருக்கிறதல்லவா, செய்தால், போனால், கெட்டால் என்று, அது இங்கிலீஷில் தலையாக முன்னால் வந்து நிற்குமாம். அதில் மூன்று வகையாம். முதல் வகையை அவள் துண்டுக் காகிதங்களில் எழுதி வீடு முழுக்க ஒட்டினாள். ஃபிரிட்ஜில், ‘இஃப் யூ லீவ் த டோர் ஓப்பன், த மில்க் வில் ஸ்பாயில்.’ கதவைத் திறந்து வைத்தால் பால் கெட்டுவிடும். என் நாற்காலியில், ஈரத் தலையோடு சாய்ந்தால் துணி நாறும். டிவி ரிமோட்டின் முதுகில், என் மேல் உட்கார்ந்தால் நான் செத்துவிடுவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு இது பிடித்திருந்தது. நானும் ஆயுள் முழுக்க இப்படித்தானே பேசினேன்? கடை கடையாக ஏறி இறங்கி, “தட்டுக்கு அடியில ஈயம் ஒட்டினா தராசை எடுத்துட்டுப் போயிடுவேன்” என்று முப்பத்து நான்கு வருஷம் சொன்ன எடை, அளவு ஆய்வாளன் நான். குற்றமும் தண்டனையும் ஒரே வரியில் இருப்பதில் ஓர் அழகு உண்டு. ‘ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஜன்னல் வழியாக எறிவேன்’ என்ற காகிதத்தை மட்டும் நான் வெறும் பயிற்சி என்று எண்ணிவிட்டேன். துண்டு இரண்டு மாடி இறங்கி, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வழுக்கைத் தலையில் போய் விழுந்தது. அவருக்கும் எங்களுக்கும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை எழுத்துமூலமாகத்தான்.

அடுத்தது இரண்டாம் வகை. இது நடக்காத காரியங்களுக்கு. நடக்காது, ஆனால் நினைத்துப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. துணி மடித்துக்கொண்டே ஒரு நாள், “இஃப் வீ ஹேட் எ பால்கனி, ஐ வுட் சிட் தேர் அண்ட் டூ நத்திங்” என்றாள். நமக்கு ஒரு பால்கனி இருந்தால் அங்கே உட்கார்ந்து ஒன்றுமே செய்யாமல் இருப்பேன் என்று அர்த்தம். நான் அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு, “இந்தக் கட்டடத்துல அதுக்கு அனுமதி கிடையாது” என்றேன். “நான் அனுமதி கேக்கலீங்க, வாக்கியம் சொன்னேன்” என்றாள்.

எங்களைக் கவிழ்த்தது மூன்றாம் வகைதான், மச்சான். வகுப்பிலிருந்து அன்றைக்கு அவள் வந்த முகமே சரியில்லை. “முதல் வகை நடக்கலாம், ரெண்டாவது நடக்காது, மூணாவது முடிஞ்சே போச்சு. டீச்சர் போர்டுல எழுதிட்டு, ‘இது இனிமே மாத்தவே முடியாத விஷயங்களுக்கு’ன்னாங்க. கிளாஸ்ல கொஞ்ச நேரம் யாரும் பேசலைங்க” என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் நடந்து முடிந்த பிறகு ஒரு பிரேத விசாரணை. பஸ் போய்விட்டால், ஒன்பது மணிக்கே கிளம்பியிருந்தால் அதைப் பிடித்திருப்போம். முட்டை வெடித்தால், அடுப்பைத் தணித்திருந்தால் வெடித்திருக்காது. மழையில் நனைந்தால், குடையை எடுத்திருந்தால் நனைந்திருக்க மாட்டோம். எல்லாம் இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாக, என் முகத்தைப் பார்க்காமல். முதல் வகை எச்சரிக்கை என்றால் இது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தொற்றிக்கொள்கிற வியாதி. ஓய்வுபெற்றவன் உடம்புக்கு இந்த மூன்றாம் வகை ஆகவே ஆகாது. மதியம் நாற்காலியில் கண்ணை மூடினால் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த மாற்றலை ஒப்புக்கொண்டிருந்தால் தலைமை ஆய்வாளராக ஓய்வு பெற்றிருப்பேன். முழங்காலை அன்றைக்கே டாக்டரிடம் காட்டியிருந்தால் இன்றைக்கு மாடிப்படியில் நின்று நின்று ஏற வேண்டியிருந்திருக்காது. என் அப்பா கடைசியாக வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது, அந்த வாரச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டுப் போயிருந்தால்... இந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் எழுதப் போவதில்லை. டீச்சர் மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படி இருக்கையில், போன மாதம் ஃபிரிட்ஜின் மேல் டார்ச் லைட்டைத் தேடினேன். அவளுடைய நோட்டு கையில் அகப்பட்டது. அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான். ஆனால் ஆயுள் முழுக்க அடுத்தவர் கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தே பழகிய கை, தானாகப் பிரித்துவிட்டது. ‘என் வாழ்க்கையிலிருந்து பத்து வாக்கியங்கள்’ என்று தலைப்பு. அத்தனையும் மூன்றாம் வகை. என் ஆபீஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தவன் பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

‘சின்ன வயதில் நீந்தக் கற்றிருந்தால், தண்ணீரைக் கண்டு இப்படிப் பயந்திருக்க மாட்டேன்.’ ‘என் சமையலறைக்கு ஒரு ஜன்னல் இருந்திருந்தால், இந்தத் தலைவலி எனக்கு வந்திருக்காது.’ ‘என் கணவர் குறட்டை விடாமல் இருந்திருந்தால், இந்த இருபத்தெட்டு வருஷமும் நான் தூங்கியிருப்பேன்.’ ‘அவர் என்னை ஒரு நாய் வளர்க்க விட்டிருந்தால், எனக்குப் பேச ஓர் ஆள் இருந்திருக்கும்.’ இப்படியே போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கம் முழுக்க உங்கள் தங்கையின் வாழ்க்கை கண்ணீர் விடுகிறது, டீச்சர் ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போனதைச் சிவப்பில் சுழித்துவிட்டு, ‘மிக நன்று’ என்று ஒரு சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார்.

இருபத்தெட்டு வருஷம் என்பது கொஞ்சம் உறுத்தியது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொன்று ஆகிறது. முதல் மூன்று வருஷம் நான் குறட்டை விடவில்லை போலும், அல்லது புதிது என்று அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள் என்று கணக்கை நேராக்கிக்கொண்டேன். சமையலறையில் ஒரு ஜன்னல் இருக்கிறதே என்றும் தோன்றியது. ஆனால் பத்து வருஷமாக அதில் நான் மாட்டிய புகைபோக்கி விசிறி உட்கார்ந்திருக்கிறது. அடைபட்ட ஜன்னல் சட்டப்படி ஜன்னல் ஆகாது. தண்ணீர்ப் பயம்தான் எனக்கு முற்றிலும் புதுச் செய்தி. அப்புறம் நினைத்துப் பார்த்தால், ஒரு முறை ஆற்றுப் பாலத்தில் நான் இழுக்க இழுக்க வராமல் நின்று வெகுநேரம் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் உறைந்து நின்றிருக்கிறாள், பாவம், எனக்குத்தான் உறைக்கவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, மாற்ற முடியாது என்று டீச்சர் சொன்னால் நான் விட்டுவிடுவேனா? அவளிடம் ஒரு வார்த்தை மூச்சு விடாமல், ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சரிசெய்ய இறங்கினேன். முதலில் குறட்டை. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டேன். பழைய செய்தித்தாளுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில் காலை நீட்டினால் கதவு மூடாது. அவள் வந்து வாசலில் நின்று, “என்னங்க ஆச்சு?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது நீச்சல். நகராட்சிக் குளத்தில் பெண்களுக்கான ஆரம்ப வகுப்பில் அவள் பெயரைக் கொடுத்து, ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை, தண்ணீரைக் கண்டால் நடுங்குவார், மெதுவாக இறக்கவும்’ என்று எழுதி நானே கையெழுத்தும் போட்டேன். அவர்கள் அவளுக்குப் போன் செய்துவிட்டார்கள். “யாரு என் பேரைக் கொடுத்தது?” என்றாள். “யாரோ” என்றேன். ஒரு நாள் போனாள். தலை சொட்டச் சொட்ட, கண் இரண்டும் சிவந்து திரும்பி வந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரம். மறுநாளே போய்ப் பெயரை நீக்கிவிட்டு வந்தேன்.

ஜன்னல் கதையைச் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். அவள் வகுப்புக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை கொத்தனாரை வரவழைத்து, விசிறியைக் கழற்றி, ஜன்னலை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். “சுவருக்குள்ள குழாய் ஏதும் போகுதா சார்?” என்று கேட்டார். “இந்த வீட்டுல பத்தொன்பது வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாததா?” என்றேன். மூன்றாவது அடியில் குழாய் உடைந்தது. எங்களுக்கு மேலே மூன்று மாடி. அந்த நேரத்தில் மூன்று மாடியிலும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது சோப்பு நுரையிலிருந்து தெரிந்தது. உங்கள் தங்கை திரும்பி வந்தபோது நானும் கொத்தனாரும் பிளம்பரும் கணுக்கால் அளவு நுரையில் நின்றுகொண்டிருந்தோம். செயலாளர் வாசலில் நின்று நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார். குழாய் சரியாகிவிட்டது. ஆனால் சங்கத்தின் அனுமதி வரும்வரை சுவரைத் தொடக்கூடாதாம். மூன்று வாரமாக அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் ஷீட் படபடத்துக்கொண்டிருக்கிறது. தூசி வருகிறது, புறா வருகிறது, தலைவலி அவளுக்கு இப்போதுதான் புதிதாக ஆரம்பித்திருக்கிறது.

கடைசியாக நாய். விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு வயதான நாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கண் மங்கல், ஆனாலும் பார்வையில் மரியாதை உண்டு. உங்கள் தங்கை அதைப் பார்த்ததும் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். ஆனந்தத்தில் இப்படியும் செய்வார்களோ என்று முதலில் நினைத்தேன். தும்மல் ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. நாயோ என்னை விட்டு ஓர் அடி நகர்வதில்லை. இப்போதெல்லாம் அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு, தூரத்தில் நின்றபடி அதனோடு இங்கிலீஷில் பேசுகிறாள். “இஃப் யூ பைட் மை ஸ்லிப்பர், ஐ வில் பைட் யூ.” என் செருப்பைக் கடித்தால் நான் உன்னைக் கடிப்பேன். நாய்க்காவது முதல் வகை கிடைக்கிறது, மச்சான். நடக்கலாம் என்கிற வகை. எனக்கு அதுவும் இல்லை.

இதெல்லாம் இருக்கட்டும். நேற்று என்னைக் கூப்பிட்டு, பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். தும்மிக்கொண்டே தன் துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து அதில் வைத்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பதில் என்னவென்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த நோட்டில் ஆறாவது வாக்கியத்தை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

‘என் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.’

இதற்கும் டீச்சர் சரி என்று ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்த அண்ணன் நீங்கள்தான். உங்கள் வீட்டு முன்னறையில் நீங்களும் நானும் உட்கார்ந்து டீ குடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “அவளுக்குச் சம்மதம்தான்” என்று நீங்கள் சொன்னீர்கள். அதை நம்பித்தான் முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். முத்திரை இருக்கிறதா என்று அடியில் திருப்பிப் பார்க்காமல் ஓர் எடைக்கல்லைக்கூட நான் ஏற்றுக்கொண்டதில்லை. உங்கள் வாய்வார்த்தையை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. மனதில் கைவைத்துச் சொல்லுங்கள், மச்சான். அவளைக் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால், அதை என்னிடம் சொல்ல வேண்டாம், நேரில் வந்து அவளிடம் சொல்லுங்கள். அவள் போவதாக இருந்தாலும் யாரோ ஒருவர் மன்னிப்புக் கேட்ட பிறகு போகட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பினால் பெட்டி மூடுவதற்குள் வந்துவிடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எல்லா நலமும் பெற்று, எதையும் மூன்றாம் வகையில் சொல்ல நேராமல் நீடூழி வாழட்டும். உங்கள் காதுக் கருவி டிராயரை விட்டுக் காதுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கக்கூடிய உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால், இந்தப் பேனாவில் இன்னொரு கடிதத்துக்கு மை இல்லை.

நடந்தது இது. காகிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது உங்கள் தங்கை பின்னால் வந்து நின்று, “எங்க அண்ணனுக்கா? நானும் ரெண்டு வரி எழுதறேன்” என்று வாங்கிக்கொண்டாள். பிடுங்கவும் முடியவில்லை, ஓடவும் முழங்கால் இல்லை. நின்றபடியே படித்தாள். செயலாளரின் வழுக்கை வரும் இடத்தில் சிரித்தாள். நோட்டு வரும் இடத்தில் சிரிப்பு நின்றது. கடைசிவரை படித்துவிட்டு, நாய் என் காலடியில் படுத்திருந்ததையும் மறந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அது என் நோட்டுதான். ஆனா அது என் வாக்கியம் இல்லீங்க” என்றாள்.

அந்த டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டாம். அவரவர் வருத்தத்தை அவரவரே எழுதச் சொன்னால் எல்லோரும் பஸ்ஸையும் குடையையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்களாம். அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் நாம் கேட்க வேண்டும், அவர் சொல்வதை ‘நான்’ என்று போட்டு நம் நோட்டில் எழுத வேண்டும். உங்கள் தங்கைக்குப் பக்கத்தில் உட்காருபவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கம்பளி நூலும் ஊசியும் விற்கிற நூல்கடை அம்மா. நீச்சல், ஜன்னல், குறட்டை, நாய், கேட்காத அண்ணன், இருபத்தெட்டு வருஷம், எல்லாம் அந்த அம்மாவுடையது.

“அப்ப பெட்டி?” என்றேன்.

“நீங்க போட்ட ஓட்டை வழியா வர்ற தூசி துணியிலெல்லாம் படியுது. பெட்டியில வைக்காம வேற எங்க வைக்கறது?”

எனக்கு உயிர் வந்தது. அசடு வழியச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நீங்க குறட்டையே விடறதில்ல. ஸ்டோர் ரூமுக்கு ஏன் போனீங்கன்னு தெரியாம, என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சு நான் ஒரு மாசமாத் தூங்கலை. கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னீங்க.” மேஜையிலிருந்த கப்பை என் பக்கம் தள்ளினாள். “இதைத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினேன். அடியில் தேய்ந்த எழுத்து. பெண்கள் நீச்சல், முதல் பரிசு. அவள் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, அவளைக் குளத்தில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தானாம். முப்பத்தொரு வருஷமாக அதில் நான் பேனா போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலைதான் கவிழ்த்துக் கொட்டினேன், அப்போதும் அடியைப் பார்க்கவில்லை. “அன்னைக்குக் குளத்துல இருபது தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போயிட்டு வந்தேன். கண்ணு மருந்துத் தண்ணியில சிவந்திருந்துது. அடுத்த வாரம் போனா பேரே இல்லைன்னுட்டாங்க” என்றாள். அப்புறம் சொன்னதுதான் என்னை உட்கார்த்திவிட்டது. “வேற யாரோ ஒருத்தங்க வருத்தத்தைப் படிச்சிருக்கீங்க. இது இவளோடது இல்லையேன்னு பத்து வரியில ஒரு வரியில கூடவாங்க உங்களுக்குத் தோணலை?”

கல்யாணத்துக்கு உங்களைக் குற்றம் சாட்டியதற்கு மன்னிக்கவும். “அண்ணன் என்னைக் கேட்டாரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டாரு. நான்தான் சரின்னேன். என்னை எதுக்காவது கேட்ட ஆளு அவர் ஒருத்தர்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

“அப்ப உன் வாக்கியம் எங்க இருக்கு?” என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“நூல்கடையில.”

நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நாய் நேராகப் போய் அந்த அம்மாவின் காலில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. அவர் குனிந்து அதன் காதைத் தடவியபடி, “யாரோடது?” என்றார். உண்மையில் உங்களுடையதுதான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “அவங்களை நம்பி அவங்ககிட்டச் சொன்னது. உங்களுக்குச் சொன்னது இல்லீங்க அது” என்றார். அண்ணன் விஷயமும் படித்தீர்களா என்று கேட்டார். தலையாட்டினேன். பிரிந்து கிடந்த நூலை எடுத்து உருண்டையாகச் சுற்றினார். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, மேலே இருந்த ஒன்பது வரியையும் மீட்டர்கோலால் மறைத்து, கடைசி வரியை மட்டும் காட்டினார். “மத்ததெல்லாம் அவங்களோடது. அதை நான் காட்ட மாட்டேன். இதுல மட்டும் நீங்க வர்றீங்க.” ஆய்வாளன் புத்தி, கோலின் முத்திரையைத்தான் முதலில் பார்த்தேன். நான் போட்டதுதான், அளவு சரியாக இருந்தது. அதற்குக் கீழே இருந்தது இது.

‘அவர் கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன்.’

எதை என்று எழுதவில்லை, மச்சான். அந்த அம்மாவும் கேட்டாராம், உங்கள் தங்கை “அவ்வளவுதான்” என்றுவிட்டாளாம். நாயை இழுத்தேன், வரவில்லை. கடை மூடும்வரை இருக்கட்டும் என்றார். தனியாகத் திரும்பி வந்தேன்.

நீங்கள் கிளம்ப வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிட்டீர்கள். இப்போது அவள் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்க வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. எழுதாத பதினோரு பேனாக்களையும் குப்பையில் போட்டேன். கப்பைக் கழுவித் துடைத்து, கண்ணாடி அலமாரியில் எழுத்து தெரிகிற மாதிரிச் சாய்த்து வைத்துவிட்டேன். கையில் மிச்சம் இருப்பது இந்தப் பன்னிரண்டாவது பேனா ஒன்றுதான். இதை இனி எங்கே வைப்பது என்று முதலில் அவளைக் கேட்கப் போகிறேன்.